அறிதுயிலா, பொய்த்துயிலா?

தமிழில் உறக்கத்திற்குச் சொற்பஞ்சம் இல்லை. துயில், உறக்கம், நித்திரை, அனந்தல், கண்வளர்தல் என அடுக்கிக்கொண்டே போகலாம். ‘துஞ்சல்’ என்னும் சொல் உறக்கத்தையும் குறிக்கும், இறப்பையும் குறிக்கும். இவற்றுக்கெல்லாம் புறம்பாகத் தனித்து நிற்பது ‘அறிதுயில்’ என்னும் சொல். பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. உடல் அசைவற்றுக் கிடக்கும். அறிவு மட்டும் ஓர் ஓரத்தில் விழித்திருக்கும். அழைப்பு வந்த கணத்தில் எழும். மின்னணுப் பொறியாளர்கள் இன்று ‘ஸ்டாண்ட்பை’ என்றும் ‘டீப் ஸ்லீப்’ என்றும் கூறுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை கண்டதில்லை. ‘காத்திருப்பு நிலை’ என்ற மொழிபெயர்ப்பு பேருந்து நிறுத்தத்தை நினைவூட்டுகிறது. ஆகவே இக்கட்டுரையில் அறிதுயில் என்றே எழுதுவேன்.

சொல் நல்ல சொல்தான். அச்சொல்லுக்குத் தகுதியற்ற பொருள்களை அச்சொல்லாலேயே விற்கிறார்கள் என்பதே என் வழக்கு.

உட்பொதி கணினி என்பது யாது? சலவைப் பொறிக்குள்ளும், மின்தூக்கிக்குள்ளும், நீர்மானிக்குள்ளும், தோட்டத்தில் மண்ணின் ஈரம் அளக்கும் சிறு பெட்டிக்குள்ளும் ஒளிந்திருந்து ஒரே வேலையைச் செய்யும் சின்னஞ்சிறு கணினி. திரையில்லை, விசைப்பலகையில்லை; உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகையும் அதன்மேல் ஒரு சில்லும், அவ்வளவே. இதன் வாழ்நாளில் பெரும்பகுதி சும்மா இருப்பதிலேயே கழிகிறது. அரைமணிக்கு ஒருமுறை விழித்து, 5 நொடி வேலை செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது உழைப்பது 240 நொடிகள். உறங்குவது 86,160 நொடிகள். இத்தகைய கருவிக்கு உழைப்பில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டுமோ, அதைவிடப் பலமடங்கு உறக்கத்தில் வேண்டும். ஆனால் நம்முடைய கையேடுகளும் வகுப்புகளும் விளம்பரங்களும் உழைப்பைப் பற்றியே பேசுகின்றன. உறக்கத்துக்கு ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும் ஓர் எண். அந்த எண்ணும் வேறு எதற்கோ உரியது.

நண்பர் ஒருவர் கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். அவருடைய மகன், பாலிடெக்னிக்கில் படித்த பையன், தக்காளிப் பாத்திகளில் மண்ணீரம் அளக்கும் பெட்டி ஒன்றைத் தானே செய்தான். அதற்குள் இருந்தது இஎஸ்பி32 என்னும் சில்லு பொருத்திய பலகை. ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட சில்லு அது, வைஃபை வானொலியும் கணினியும் ஒன்றாக அமைந்தது, விலையோ மலிவு. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைப்போல் வாய்த்தது வேறில்லை என்றே சொல்வேன். ஆழ்ந்த துயிலில் அச்சில்லு 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமே இழுக்கும் என்று அதன் தரவேடு கூறுகிறது. அதாவது ஓர் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. பையன் கணக்குப் போட்டான். நான்கு டபுள்-ஏ மின்கலங்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 2000 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும். அதை 10 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 2,00,000 மணி நேரம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல்! விழித்திருக்கும் நேரச் செலவைக் கழித்தாலும், மின்கலம் தானாகவே வடிவதைக் கழித்தாலும், மாதக்கணக்கில் கவலையில்லை என்று பெட்டியைப் பாத்தியில் நட்டுவிட்டான்.

எட்டாம் நாள் பெட்டி செத்துவிட்டது. புதிய மின்கலங்கள் போட்டான். மறுபடி எட்டு நாள். தந்தையும் மகனும் தானா ராத்தாவில் மின்கலம் விற்ற கடைக்காரரிடம் போய்ப் பழைய சரக்கு விற்றதாகச் சண்டையிட்டு, நான்கு மின்கலங்களைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்றாம் முறையும் எட்டாம் நாளே செத்தபின்தான் பெட்டி என் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

“மாமா, புரோகிராம் சரியாத்தான் இருக்கு. தூங்கப் போறேன்னு திரையில சொல்லுது” என்றான் பையன்.

சொன்னது, தூங்கவில்லை. அளந்து பார்த்தபோது பலகை ‘உறங்கும்’ வேளையில் இழுத்தது சற்றேறக்குறைய 10 மில்லி ஆம்பியர். தரவேட்டு எண்ணைப்போல் ஆயிரம் மடங்கு. 2000ஐ 10ஆல் வகுத்தால் 200 மணி. எட்டு நாளும் எட்டு மணியும். கணக்கில் பிழையில்லை, கடைக்காரர்மேலும் பிழையில்லை. சில்லுகூடத் தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது. அது 10 மைக்ரோ ஆம்பியரோடு அறிதுயிலில் ஆழ்ந்திருந்தது. விழித்திருந்தவை அதைச் சுற்றியிருந்த பரிவாரங்கள்.

பலகையின் ஒரு மூலையில் 1117 என்னும் எண்ணுடைய மின்னழுத்தச் சீராக்கி இருந்தது. மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் காணப்படும் வகை. மின்கலம் தரும் 6 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைப்பது அதன் பணி. அப்பணியைச் செய்ய அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும் கூலி, அதன் தரவேட்டின்படியே, வழக்கமாக 5 மில்லி ஆம்பியர். சில்லு உண்பதைப்போல் ஐந்நூறு மடங்கு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர் சொன்னதெல்லாம் இதனோடு ஒப்பிட்டால் நியாயமான கூலி. சீராக்கியை அடுத்து ஒரு சிவப்பு எல்இடி விளக்கு. பாத்தியின் நடுவே, மூடிய பெட்டிக்குள், பார்ப்பார் யாருமின்றி இரவும் பகலும் அது எரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்து, மேசைக் கணினியோடு பேசுவதற்கான யூஎஸ்பி சில்லு. தோட்டத்தில் யாரோடு பேசும்? இவற்றோடு, 3.3 வோல்ட் இணைப்பில் நேராகச் செருகப்பட்டு நாள் முழுதும் மின்சாரம் பருகிய மண்ணீர உணர்வி. எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர். வீட்டுத் தலைவன் உறங்க, வேலையாட்கள் எல்லா விளக்கையும் ஏற்றிவைத்துக்கொண்டு விருந்துண்ணும் மாளிகை அது.

எனக்கு இதில் வியப்பேதும் இல்லை. பாயான் லெப்பாசில் 1972இல் தொடங்கிய தடையற்ற வாணிப வளாகத்திற்குள் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அங்கே ஒரு சில்லின் உறக்க மின்னோட்டத்தை எங்ஙனம் அளப்பார்கள் என்பதை அறிவேன். சோதனைக் கூட்டில் சில்லு தனியாக வைக்கப்படும். மின்னழுத்தம் நிலையானது, வெப்பநிலை குறிக்கப்பட்டது, கால்களெல்லாம் வரையறுத்த நிலையில் இருக்கும். சீராக்கி இல்லை, விளக்கில்லை, உணர்வி இல்லை. அங்கே கிடைக்கும் எண் உண்மையான எண். அதை அச்சிடுவதில் சில்லு செய்தவனுக்குக் குற்றமில்லை. குற்றம் அடுத்த வீட்டில் நிகழ்கிறது. அந்தச் சில்லை வாங்கி, அதைச் சுற்றி ஐந்து பசித்த வாய்களை அமர்த்தி, பலகை என்று பெயரிட்டு, விற்பனைத் தாளில் ‘ஆழ்துயில் மின்னோட்டம்: 10 மைக்ரோ ஆம்பியர்’ என்று சில்லின் எண்ணையே பலகையின் எண்போல் அச்சிடுகிறான் பாருங்கள், அவனோடுதான் எனக்குச் சண்டை. மணமகன் அழகன் என்று மாப்பிள்ளைத் தோழனின் படத்தைக் காட்டுவது போன்ற வேலை இது.

அடுத்து, கற்றுக்கொடுப்போர். உறக்கத்தைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு மாதிரி நிரலோடு தொடங்கி அதனோடே முடிகிறது. விழிக்கும் காலத்தைக் குறிப்பிடு. ‘இப்போது உறங்கப் போகிறேன்’ என்று திரையில் அச்சிடு. உறக்க ஆணையைக் கொடு. திரையில் அவ்வரி வந்ததும் மாணவர் கைதட்ட, ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நடிக்கிறவனே ‘நான் தூங்குகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வதையும், அதைச் சான்றாக ஏற்று மதிப்பெண் வழங்குவதையும் இவ்வகுப்புகளில்தாம் கண்டேன். ஒரு வகுப்பிலாவது மின்னோட்டம் அளக்கும் கருவியை மேசைமேல் வைத்திருந்தால் இந்த மயக்கம் ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்கும்.

உறக்கத்தை அமைப்பது ஆணையிடும் வேலையன்று. வீட்டைப் பூட்டும் வேலை. எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். சில்லின் கால் ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை வழியே 3.3 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மறுபுறம் ஒரு மிதவைச் சாவி. தொட்டியில் நீர் நிரம்பியிருக்கும் நேரமெல்லாம் அச்சாவி மூடியே கிடக்குமானால், அந்த ஒற்றை மின்தடை வழியே 330 மைக்ரோ ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும்; உறங்கும் சில்லின் செலவுபோல் முப்பத்துமூன்று மடங்கு. உள்ளீட்டுக் காலை எதனோடும் இணைக்காமல் தொங்கவிட்டால், அது காற்றிலுள்ள மின்புலத்துக்கெல்லாம் ஆடி, தன்னுள் மின்சாரத்தைக் கசியவிடும். இன்னொரு வகை இன்னும் வேடிக்கையானது. உணர்விக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் அதன் தரவுக் கம்பி சில்லின் காலோடு உயர் நிலையில் இணைந்தே இருக்கும். உணர்வியின் காப்பு டயோடு வழியாக அந்தக் கம்பியிலிருந்தே அது மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். தலைவாசலை அடைத்துவிட்டுப் புழக்கடை வழியாகச் சோறு போடும் கதை.

சில்லு செய்தவர்களே ஒப்புக்கொண்டு எழுதிவைத்த ஒரு கசிவும் உண்டு. இஎஸ்பி32 சில்லைத் தாங்கிய ரோவர் என்னும் தொகுதியில், 12ஆம் எண் காலை வெளியே ஒரு மின்தடை மேலிழுக்கிறது. சில்லுக்குள் இன்னொன்று கீழிழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே உறக்கத்திலும் மின்சாரம் வழிகிறது. உறங்குமுன் அந்தக் காலைத் தனிமைப்படுத்துக என்று எஸ்பிரெசிஃப்பின் கையேடே அறிவுறுத்துகிறது. எத்தனை பேர் அந்தப் பக்கம் வரை படிக்கிறார்கள்? படித்தவர்கள் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள்? கையேட்டை எழுதியவனை நான் குறைசொல்லமாட்டேன். அவன் தன் வீட்டுக் குறையைத் தானே சொன்ன நேர்மையாளன்.

மலிவுப் பலகைகளை மட்டும் சாடிவிட்டுப் பெரிய பெயர்களைத் தப்பவிடுவது அறமாகாது. கேம்பிரிட்ஜிலிருந்து வரும் ராஸ்பெரி பை உலகமெங்கும் பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்த நற்பலகை; அதன் ஐந்தாம் தலைமுறை 2023இல் வெளிவந்தது. முதன்முறையாக அதில் மின்விசை ஒன்றும் அமைத்தார்கள். நேரங்காட்டும் கடிகாரச் சுற்றும் அமைத்தார்கள். குறித்த நேரத்தில் தானே விழிக்கும் ஆற்றலும் வந்தது. எல்லாம் சிறப்பு. ஆனால் வெளிவந்தபோதிருந்த அமைப்பில், அதை முறைப்படி நிறுத்திய பின்னரும் அது ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது. அதன் துவக்க நினைவகத்தில் ‘பவர் ஆஃப் ஆன் ஹால்ட்’ என்று ஓர் அமைப்பு வரி உண்டு. அதன் இயல்பு மதிப்பு சுழியம். அதை 1 என்றும், ‘வேக் ஆன் ஜிபிஐஓ’ என்னும் வரியைச் சுழியம் என்றும் மாற்றினால், நிறுத்தப்பட்ட பலகையின் பசி ஏறத்தாழ 3 மில்லி ஆம்பியராக, 5 வோல்ட்டில் ஒரு வாட்டின் நூறில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டே வரிகள்! கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு வாட் என்பது ஓராண்டில் 8.76 யூனிட். ஆயிரம் பலகைகளுக்கு 8,760 யூனிட். அணைத்துவைத்ததாக நம்பப்படும் ஆயிரம் பலகைகளுக்கு.

ஏன் அப்படி அமைத்தார்கள் என்றால் அதற்கும் ஒரு விடை உண்டு. அதை மறைத்து வாதாடுவது முறையன்று. பலகையின் மேல் செருகும் துணைப்பலகைகள் சிலவற்றுக்கு, 5 வோல்ட் இருக்கும்போதே 3.3 வோல்ட் மட்டும் போய்விட்டால் கோளாறு நேரக்கூடும். அந்தத் துணைப்பலகைகளைக் காப்பதற்காக எல்லா மின்தடங்களையும் உயிரோடு வைத்தார்கள். சரி. ஆனால் சில துணைப்பலகைகளுக்காக எல்லாப் பலகைகளும் விழித்திருக்க வேண்டும் என்பது என்ன நீதி? தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெரு முழுவதும் கண்விழிப்பதா? இயல்பு நிலை உண்மையான உறக்கமாக இருக்கட்டும். விலக்கு வேண்டுவோர் அந்த இரண்டு வரிகளை மாற்றிக்கொள்ளட்டும். தலைகீழாக அல்லவா நிற்கிறது காரியம்! வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எந்த வரியையும் தொடமாட்டார்கள். ஆகவே இயல்பு மதிப்பை எழுதுகிறவனே உலகத்தின் மின்கட்டணத்தை எழுதுகிறான்.

‘போகட்டும், ஒரு வாட்தானே’ என்று ஒரு நண்பர் என்னிடம் தோளைக் குலுக்கினார். இந்த ஒரு வாட் ஒரு காலத்தில் உலக நாடுகள் கூடிப் பேசிய பொருள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த அலன் மையர், வீடுகளில் அணைத்துவைத்த சாதனங்கள் களவாக உண்ணும் மின்சாரத்தைத் தேடித்தேடி அளந்தவர். 1999இல் அனைத்துலக எரிசக்தி முகமை ‘ஒரு வாட்’ திட்டத்தை முன்மொழிந்தது. 2001இல் அமெரிக்கக் கூட்டரசு அலுவலகங்கள் வாங்கும் சாதனங்களுக்கு அந்த அளவை வேண்டி அந்நாட்டு அதிபரே ஆணை பிறப்பித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் சட்டமியற்றியது. அணைத்த நிலையில் வீட்டுச் சாதனங்களும் அலுவலகச் சாதனங்களும் உண்ணக்கூடிய உச்சவரம்பு 2010இல் ஒரு வாட். 2013இல் அரை வாட். 2025 மே மாதம் நடப்புக்கு வந்த புதிய விதியின்படி 2027இல் அது 0.3 வாட்டாக இறங்கும். விற்பனைக்கு வரும் வெறும் பலகைகள் இச்சட்டத்தின் வலைக்குள் விழுகின்றனவா என்பது வழக்கறிஞர்களின் வேலை; நான் அளவுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டி கற்றுக்கொண்ட நல்லொழுக்கத்தைக் கணினி கற்பிக்க வந்த பலகை கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு தரப்பினர் வேறு வாதம் வைப்பர்: ‘இவை பழகுவதற்கான பலகைகள், மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கு யார் இவற்றை வாங்கச் சொன்னது?’ கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். அப்படியானால் பெட்டியின்மேல் அதை எழுதுங்கள். எழுதமாட்டார்கள், ‘ஆழ்துயில்’ என்ற சொல்தான் சரக்கை விற்கிறது. மேலும், பழகு பலகையில் உறக்கத்தை நேர்மையாகக் கற்பிக்க முடியாது என்பதும் பொய். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 2010இல் எம்எஸ்பி430 சில்லுக்காக வெளியிட்ட லாஞ்ச்பேட் பலகையின் விலை 4.30 அமெரிக்க வெள்ளி. அதில் மேசைக் கணினியோடு பேசும் பகுதிக்கும் சில்லுக்கும் இடையே ஒரு வரிசை இணைப்புத் துண்டுகளை வைத்தார்கள். கழற்றிவிட்டால் சில்லு தனித்து நிற்கும். மின்தடத் துண்டின் இடத்தில் அளவியைச் செருகினால் உறக்கத்தின் உண்மை தெரியும். நாலு வெள்ளிப் பலகையில் முடிந்த ஒன்று நாற்பது வெள்ளிப் பலகையில் ஏன் முடியாது?

இனி, என் பக்கத்துக் கூட்டாளிகளுக்கும் ஒரு சொல். உறக்க மின்னோட்டத்தைக் குறைப்பதே மோட்சம் என்று கிளம்பியவர்கள் சிலர், 10 மைக்ரோ ஆம்பியரை 5 ஆக்குவதற்கு வாரக்கணக்கில் போராடுகிறார்கள். விழிப்பின் செலவை மறந்துவிடுகிறார்கள். கும்பகருணனின் உறக்கம் எளிது. எழுப்பும் செலவுதான் இலங்கையை அலைக்கழித்தது. மிக ஆழ்ந்த உறக்கத்தில் சில்லு தன் நினைவையும் இழக்கிறது. எழுந்ததும் முதலிலிருந்து தொடங்கி, வைஃபை நிலையத்தைத் தேடி, முகமன் கூறி, செய்தி அனுப்ப வேண்டும். 5 நொடி, சராசரி 100 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், அரைமணிக்கு ஒரு விழிப்பு என்பது நாளெல்லாம் 280 மைக்ரோ ஆம்பியர் இழுப்பதற்குச் சமம். அதனருகில் 10 என்ன, 5 என்ன? தக்காளிப் பாத்தியின் மண் அரைமணிக்கொருமுறை செய்தி சொல்லும் அளவுக்கு அவசரப்படுவதில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை என்று மாற்றினால் அந்தச் செலவு நாலில் ஒன்றாகிவிடும். இதற்குச் சல்லிக்காசு தேவையில்லை.

பையனின் பெட்டிக்குத் திரும்புகிறேன். சிவப்பு விளக்கைச் சூட்டுக்கோலால் எடுத்தோம். யூஎஸ்பி சில்லே இல்லாத வெறும் தொகுதிக்கு மாறினோம். உணர்வியின் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சில்லே திறந்து மூடும்படி செய்தோம். உறங்குமுன் தரவுக் கம்பியையும் விடுவித்தோம். சீராக்கியில்தான் நானே சறுக்கினேன். தனக்கென்று 1.6 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும் சீராக்கி ஒன்றைப் பெருமையோடு பொருத்தினேன். அது 250 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. வைஃபை எழும் கணத்தில் சில்லு அதைவிடக் கூடுதலாக இழுக்க, மின்னழுத்தம் சரிய, பலகை மயங்கி விழுந்து மறுபடி எழ, மறுபடி விழ, ஓரிரவில் மின்கலம் தீர்ந்தது. ‘எட்டு நாளே பரவாயில்லை போலிருக்கே மாமா’ என்றான் பையன். பின்னர் 55 மைக்ரோ ஆம்பியர் கூலியில் 600 மில்லி ஆம்பியர் சுமக்கும் ஒன்றைப் பொருத்தினோம். மின்னழுத்த இழப்பு குறைந்ததால் நான்கு மின்கலங்களுக்குப் பதில் மூன்றே போதுமாயின. உறக்கத்தில் இப்போது பலகை முழுவதும் இழுப்பது 70 மைக்ரோ ஆம்பியர். அரைமணிக்கொரு விழிப்போடு எட்டு மாதம் வரும். இரண்டு மணிக்கொரு விழிப்போடு ஒன்றரை ஆண்டைத் தாண்டும். எட்டு நாள் எங்கே, ஒன்றரை ஆண்டு எங்கே! நிரலில் மாற்றியது சில வரிகள். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்து, கையால் அளந்து செய்தது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டும் என்று அஞ்சுவோர்க்கு: சாதாரண அளவியின் மைக்ரோ ஆம்பியர் நிலையில் பலகையைத் தொடராக இணைக்காதீர்கள். அளவிக்குள் இருக்கும் மின்தடை, விழிக்கும் நேரத்தில் மின்னழுத்தத்தை விழுங்கிப் பலகையை உறங்கவே விடாது. மின்கலத்துக்கும் பலகைக்கும் நடுவே 1 ஓம் மின்தடை ஒன்றை வையுங்கள். அதன் இரு முனைகளுக்கிடையே மில்லி வோல்ட்டை அளந்து பாருங்கள். 10 மில்லி வோல்ட் என்றால் 10 மில்லி ஆம்பியர், பலகை நடிக்கிறது. 0.1 மில்லி வோல்ட் அல்லது அளவி சுழியத்தையே காட்டுகிறது என்றால் உறங்குகிறது. துல்லியமான எண் வராது. ஆனால் பொய்யும் மெய்யும் பிரிந்துவிடும். சில காசு விலையுள்ள இந்த மின்தடையை ஒவ்வொரு பலகையோடும் இணைத்து விற்கச் சட்டம் வேண்டும் என்றுகூடச் சில சமயம் எனக்குத் தோன்றுவதுண்டு.

தக்காளி வாடினால் ஒரு போகத்தோடு போயிற்று. ஆனால் இதே பலகைகளைக் கொண்டு ஆற்று மட்டம் அளக்கும் பெட்டிகளும் செய்யப்படுகின்றன. 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர் குழுக்கள் வெள்ள எச்சரிக்கைப் பெட்டி செய்யப் புறப்பட்டன. நல்ல நோக்கம், நல்ல பிள்ளைகள். பாலத்தின் அடியில் பெட்டியைப் பொருத்தி, அறிமுக விழாவில் படமெடுத்துக்கொண்டு போய்விட்டால், மழை வருவது எட்டாம் நாளுக்கு முன்னா பின்னா என்பது பருவக்காற்றின் கையில் இருக்கிறது. விழாவில் அப்பெட்டி உயிரோடு இருந்ததை அனைவரும் கண்டார்கள். அது உறங்கியதை யார் அளந்தார்கள்?

பையனுக்குப் பலகை விற்ற வணிகருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் விற்பனைத் தாளில் உள்ள 10 மைக்ரோ ஆம்பியர் என்பது பலகையை அளந்து பெற்ற எண்தானா, எந்த மின்னழுத்தத்தில், எந்தெந்தப் பாகங்கள் பொருத்தியிருக்கையில் அளந்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுமொழி வந்தது, மரியாதையான மறுமொழி. இணைப்பில் சில்லின் தரவேடு இருந்தது. 10 என்னும் எண்ணைச் சுற்றி மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள்.

நான் கேட்டது பலகையைப் பற்றி. மறுபடி எழுதியிருக்கிறேன். பையனும் தந்தையும் சென்ற வாரம் தானா ராத்தாவுக்குப் போய் அந்த மின்கலக் கடைக்காரரிடம் நான்கு மின்கலங்களுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.